கலவை ஏன் பிரியவில்லை: அறிகுறியைப் பார்த்து முறையைத் திருத்துதல்

ஆய்வகத்தில் ஒரு கலவை பிரிய மறுக்கும்போது பெரும்பாலான மாணவர்கள் செய்த வேலையையே இன்னொரு முறை செய்கிறார்கள். கலங்கலாக இறங்கிய நீரை மறுபடி வடிகட்டுகிறார்கள். வராத படிகத்துக்காக இன்னும் சூடாக்குகிறார்கள். காந்தத்தை மேலும் பத்துத் தடவை ஓட்டுகிறார்கள். தவறு கையில் இருந்தால் மறுபடி செய்வதில் பயன் உண்டு. ஆனால் பள்ளி ஆய்வகத்தில் நான் கண்ட தவறுகளில் பெரும்பகுதி, கலவையில் உள்ள பொருள்கள் எந்தப் பண்பில் வேறுபடுகின்றன என்று கேட்பதற்கு முன்பே முறையின் பெயரைச் சொல்லிவிடுவதால் வந்தவை. வடிகட்டுதல் துகளின் அளவை நம்புகிறது. தெளிய வைத்து இறுத்தல் அடர்த்தியை நம்புகிறது. படிகமாக்கல் கரைதிறனையும், வாலை வடித்தல் (கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தல்) கொதிநிலையையும் நம்புகின்றன. கலவையில் அந்த வேறுபாடு இல்லாவிட்டால் முறையை எத்தனை ஒழுங்காகச் செய்தாலும் பலன் இராது.

கீழே உள்ளவை மணல், உப்பு, இரும்புத்தூள், நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), எண்ணெய், மை எனப் பள்ளி ஆய்வகத்தில் கைக்கு வரும் எளிய கலவைகளுக்கு உரியவை. உங்கள் கண்ணில் பட்ட அறிகுறிக்கு நேராகச் சென்று படிக்கலாம். எதையும் நாவில் வைத்துச் சோதிக்க வேண்டாம். கிண்ணத்தில் இருப்பது உப்புதான் என்று தெரிந்தாலும், அதே கிண்ணத்தில் முந்திய வகுப்பினர் எதைக் காய்ச்சினார்கள் என்பது தெரியாது.

வடிநீர் கலங்கலாகவே இறங்குகிறது

முதலில் வடிதாளைப் பாருங்கள். ஈரமான தாளின் கூர்நுனி கண்ணாடிக் கம்பி பட்டுக் கிழிந்திருக்கலாம். அல்லது நீர்மம் தாளின் விளிம்பைத் தாண்டி, தாளுக்கும் புனலுக்கும் இடையே வழிந்திருக்கலாம். வடிநீரில் கண்ணால் எண்ணக்கூடிய துகள்கள் மிதந்தால் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். புதுத் தாளை மடித்து வைத்து, விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிற்குமாறு ஊற்றினால் தீர்ந்துவிடும்.

துகள் எதுவும் தனித்துத் தெரியாமல், தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டாற்போல் சீரான மங்கல் இருந்தால் சிக்கல் வேறு. முகவையை இருட்டான மூலைக்குக் கொண்டு சென்று, கைபேசி விளக்கின் ஒளியை ஒரு சிறு துளை வழியாகப் பக்கவாட்டில் செலுத்துங்கள். ஒளி சென்ற பாதை நீருக்குள் கோடாகத் தெரிந்தால், உள்ளே இருப்பவை கரையாமல் மிதக்கும் நுண்துகள்கள். பரவலாகப் பயன்படும் வாட்மன் 1ஆம் எண் வடிதாள் ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்களைப் பிடித்து வைக்கும். களிமண் துகளின் விட்டமோ 2 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ரவை சலிக்கும் சல்லடையில் மைதாவை நிறுத்திவைக்க முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும். இரண்டு தாள்களை ஒன்றாக வைத்தாலும் பெரிய மாற்றம் இராது.

அப்படியானால் தெளிய விடலாமா? விடலாம், ஆனால் எவ்வளவு நேரம் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நுண்துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள களிமண் துகள், அசையாத நீரில் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறத்தாழ 8 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகளுக்கு அதைப்போல் 100 மடங்கு, அதாவது ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம்தான்.

இங்கே செய்ய வேண்டியது துகளைப் பெரிதாக்குவது. களிமண் துகள்கள் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதாலேயே சேராமல் மிதக்கின்றன. படிகாரத்தில் உள்ள அலுமினிய அயனிகள் அந்தச் சுமையைத் தணிக்கின்றன. கூடவே உருவாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு, பஞ்சு போன்ற திரள்களாகத் துகள்களை வாரிக்கொண்டு இறங்குகிறது. கிராமத்தில் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் இழைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைப்பதும் துகள்களைத் திரளச் செய்யும் வேலைதான்.

படிகாரம் போட்டும் தெளியவில்லை என்றால் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று அளவு: ஒரு லிட்டர் நீருக்குச் சில பத்து மில்லிகிராமே போதும் என்னும்போது கரண்டியால் அள்ளிப் போட்டால், துகள்கள் நேர்மின் சுமை ஏற்று மறுபடி ஒன்றையொன்று விலக்கத் தொடங்கும். மற்றொன்று நீர்: பரிசோதனை சுத்தமாக இருக்கட்டும் என்று வாலை வடிநீரில் மண்ணைக் கலக்கியிருப்பீர்கள். ஹைட்ராக்சைடு திரள நீரில் பைகார்பனேட்டு வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் அது இருக்கிறது, வாலை வடிநீரில் இல்லை. சாதாரண நீருக்கு மாறுங்கள். படிகாரம் போட்டபின் ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு சில நிமிடம் மிக மெதுவாகவும் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கும்போதுதான் திரள்கள் வளர்கின்றன. வேகம் தொடர்ந்தால் உருவானதும் உடைந்துவிடும்.

நிறமுள்ள நீர் வேறு, கலங்கிய நீர் வேறு. மயில்துத்தக் (தாமிர சல்பேட்டுக்) கரைசல் வடிதாளில் நீலமாகவே இறங்குவது பிழையல்ல. அது கரைசல், எந்தத் தாளிலும் நிற்காது.

வடிகட்டி முடியவே மாட்டேன் என்கிறது

சேறு முழுவதையும் முதலிலேயே தாளில் கொட்டியிருப்பீர்கள். அது தாளின் துளைகளை அடைத்துக்கொண்டது. முகவையில் வண்டல் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை முதலில் வடிகட்டி, வண்டலைக் கடைசியில் ஊற்றுங்கள். தாளை ஊற்றுவதற்கு முன் நனைத்துப் புனலோடு ஒட்டவைப்பதும், புனலின் காம்பு முகவையின் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதும் வேகத்தைக் கூட்டும்.

எடை கணக்குக்கு வரவில்லை

மணலும் உப்பும் கலந்த கலவையில் 10 கிராம் உப்பு இருந்தது. காய்ச்சி எடுத்தபின் 9 கிராம்தான் கிடைத்தது. மணலின் எடையோ கூடிவிட்டது. உப்பு எங்கும் போய்விடவில்லை, ஈர மணலில் தங்கியிருக்கிறது. 50 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்து வடிகட்டியபின் மணல் 5 மில்லிலிட்டர் கரைசலைப் பிடித்து வைத்தால், பத்தில் ஒரு பங்கு உப்பு, அதாவது ஏறத்தாழ 1 கிராம், தாளிலேயே நிற்கிறது.

மணலைக் கழுவ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் கழுவுவது என்பதில்தான் வேறுபாடு. 20 மில்லிலிட்டர் நீரை ஒரே தடவையாக ஊற்றினால் மணலில் உள்ள உப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து 0.2 கிராம் மிஞ்சும். அதே நீரைப் பத்துப் பத்தாக இருமுறை ஊற்றினால் மிஞ்சுவது ஒன்பதில் ஒரு பங்கு, 0.11 கிராம். ஐந்தைந்தாக நான்கு முறை ஊற்றினால் 0.06 கிராம். நீரைக் கூட்டாமலே இழப்பைக் குறைக்கலாம். ஆவியாக்க வேண்டிய நீரும் கூடாது.

இதற்கு நேர்மாறாக, உப்பு போட்டதைவிடக் கூடுதலாகக் கிடைத்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகிக்க வேண்டும். மறுபடி சூடாக்கி, ஆறவிட்டு, நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாக வரும்வரை உப்பு உலரவில்லை என்றே கொள்ள வேண்டும். மணலுக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டித் தூளைக் கலந்திருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. கரும்பலகையில் எழுதும் கட்டிகள் பலவும் ஜிப்சத்தால் செய்யப்பட்டவை. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2.4 கிராம் கரையும். ஆகவே "சுண்ணக்கட்டி நீரில் கரையாது" என்ற அனுமானம் முழுவதும் சரியல்ல. கிண்ணத்தின் ஓரத்தில் வெண்படலமாகப் படிவது அதுவே.

குளிரவைத்தும் உப்புப் படிகம் வரவில்லை

சூடான நிறை கரைசலை (மேலும் கரைக்க இடமில்லாத கரைசலை) குளிரவைத்தால் படிகம் விழும் என்று படித்தது சரிதான், ஆனால் எந்தப் பொருளுக்கு என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட்டு 100 கிராம் நீரில் 60 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 110 கிராமும், 20 டிகிரியில் ஏறத்தாழ 32 கிராமும் கரைகிறது. குளிரவைத்தால் 78 கிராம் அளவுக்குப் படிகமாக வந்துவிடும். சமையல் உப்பு 60 டிகிரியில் 37 கிராம், 20 டிகிரியில் 36 கிராம். எத்தனை பனிக்கட்டியில் வைத்தாலும் அந்த ஒரு கிராமுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. உப்பை எடுக்க நீரைப் போக்குவதுதான் வழி. உப்பளங்களில் வெயிலைக் கொண்டு செய்வதும் அதையே.

மயில்துத்தத்துக்கு இது நேர்மாறு. உப்புக்குச் செய்தது போலவே நீர் முழுவதையும் காய்ச்சிவிட்டால் நீலம் வெளுத்து வெள்ளைத் தூளாக நிற்கும். படிகத்தில் அமைந்திருந்த நீரும் வெளியேறிவிட்டது என்பதே அதன் பொருள். சில சொட்டு நீர் விட்டால் நீலம் திரும்பும். கரைத்து மறுபடி தொடங்கலாம், பொருள் வீணாகவில்லை. எப்போது அடுப்பை நிறுத்துவது என்பதை அறிய, கண்ணாடிக் கம்பியை நனைத்து ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து ஊதிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் ஓரத்தில் ஊசி ஊசியாகப் படிகம் தோன்றினால் நிறுத்திவிடலாம். ஆறியும் படிகம் வராவிட்டால் முகவையின் உட்சுவரைக் கம்பியால் மெல்லக் கீறுங்கள், அல்லது ஒரு பொடிப் படிகத்தை விதையாகப் போடுங்கள்.

கடல்நீரைக் காய்ச்சியவர்கள் சொல்லும் புகார் தனியானது: உப்பு கிடைக்கிறது, மறுநாள் கிண்ணத்தில் கசிந்து நிற்கிறது. இங்கே வெறும் உப்பும் நீரும் மட்டும் இருந்ததாக எடுத்துக்கொண்டதே பிழை. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அவற்றில் மக்னீசியம் குளோரைடும் ஒன்று, அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கரையக்கூடியது. தூத்துக்குடி உப்பளத்தில் இதற்கான தீர்வைப் பாத்தி பாத்தியாகக் காணலாம். கடல்நீர் அடர்த்தியாகிக்கொண்டே வரும்போது ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிடுகிறது. ஏறத்தாழ 25 டிகிரி பாமேயில் (பாமே என்பது நீர்மத்தின் அடர்த்தியைக் குறிக்கும் ஓர் அளவு) சமையல் உப்பு விழத் தொடங்குகிறது. 30 டிகிரியை நெருங்கும்போது எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுகிறார்கள், மக்னீசியம் அதோடு போய்விடுகிறது. முழுவதும் வற்றவிடுவதில்லை என்பதுதான் அங்கே உள்ள நுட்பம். ஆய்வகத்திலும் கடைசிக் கரண்டி நீர் இருக்கும்போதே நிறுத்தி, அதை இறுத்துவிட்டு, படிகங்களைத் தூய உப்பின் நிறை கரைசல் சிறிதளவால் கழுவுங்கள். அந்தக் கரைசலில் மேலும் உப்பு கரைய இடமில்லை, மக்னீசியத்துக்கு இடம் உண்டு.

காந்தத்தில் கந்தகமும் ஒட்டுகிறது, அல்லது எதுவுமே ஒட்டவில்லை

இரும்புத்தூள் கொத்தாக எழும்போது நடுவே கந்தகத்தூளும் சிக்கிக்கொள்கிறது. கலவையைக் காகிதத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி, காந்தத்தைத் தாளில் சுற்றி, சற்று உயரத்தில் பிடித்து, எழுந்த தூளை வேறொரு தாளில் தட்டி, அதன்மீது மறுபடி ஓட்டுங்கள். தாளைச் சுற்றாமல் வெறுங்காந்தத்தை வைத்தால் ஒட்டிய தூளைச் சுரண்டி எடுப்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

எதுவுமே ஒட்டவில்லை என்றால் அந்தக் கலவையை யாரேனும் முன்பே சூடாக்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சூட்டில் இரண்டும் சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகியிருந்தால் அது இப்போது சேர்மம். இந்தப் பக்கத்தில் உள்ள எந்த முறையும் அதற்குப் பொருந்தாது.

நான்கு பொருள் கலவையில் ஒன்று காணாமல் போய்விட்டது

மணல், உப்பு, இரும்புத்தூள், நவச்சாரம் ஆகியவற்றைத் தந்தால் பலர் முதலில் நீரை ஊற்றுகிறார்கள். நவச்சாரமும் நீரில் நன்கு கரையக்கூடியது (20 டிகிரியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 37 கிராம்), ஆகவே அது உப்போடு சேர்ந்து வடிநீரில் இறங்கிவிடும்; இரும்புத்தூளோ ஈரமாகித் துருப்பிடிக்கத் தொடங்கும். காந்தம் முதலில், பதங்கமாதல் (திண்மம் உருகாமலே நேராக ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மறுபடி திண்மமாவது) அடுத்து, நீர் அதன் பிறகு என்பதே வரிசை. திரும்பப் பெற முடியாத மாற்றத்தை உண்டாக்கும் செயலைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற அளவில் இதை நினைவில் வைக்கலாம். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்களா? வடிநீரை மெதுவாக வற்றவைத்து, உலர்ந்த எச்சத்தைப் பதங்கமாக்குங்கள்; உப்பு கிண்ணத்திலேயே நிற்கும்.

கவிழ்த்த புனலில் வெண்தூள் படியாவிட்டால் காம்பில் பஞ்சு அடைத்திருக்கிறதா, புனலின் வெளிப்புறம் ஈரத்துணியால் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். (நவச்சாரம் உண்மையில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, புனலின் குளிர்ந்த சுவரில் மறுபடி சேர்கிறது. பாடத்தில் அதைப் பதங்கமாதல் என்றே எழுதுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ஆனால் வாயு மூக்கைத் துளைப்பதற்குக் காரணம் இதுதான், சன்னல் திறந்திருக்கட்டும்.) கற்பூரத்துக்கு இதே அமைப்பு போதும், ஆனால் நேரடிச் சுடர் வேண்டாம், வெந்நீர்த் தொட்டியின் வெப்பமே போதுமானது.

பிரிபுனலில் நீர் இறங்கவில்லை, அல்லது அடுக்கு பிரியவில்லை

ஒரு மாணவி திருகு அடைத்துக்கொண்டது என்று சொல்லி அதைக் கழற்றவே முனைந்துவிட்டாள். நான்கைந்து சொட்டு இறங்கியபின் நின்றுவிட்டது. திருகு முழுவதும் திறந்திருந்தது. உள்ளே மண்ணெண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே கோடு பளிச்சென்று தெரிந்தது. மேலே மூடி இருந்தது. மூடிய புனலில் நீர் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று கீழிருந்து நீரைத் தாங்கி நிறுத்துகிறது. மூடியை எடுத்த மறுகணமே ஒழுகியது. கீழே வைத்திருந்த முகவையை அவள் அதற்குள் நகர்த்திவிட்டிருந்தாள் என்பது வேறு கதை.

எந்த அடுக்கு நீர் என்று ஐயமிருந்தால் ஊகிக்க வேண்டாம். மண்ணெண்ணெய் மிதக்கும், குளோரோஃபார்ம் மூழ்கும். ஒரு சொட்டு நீரை மேலிருந்து விட்டு, அது எந்த அடுக்கில் கலக்கிறது என்று பாருங்கள். தெரியும்வரை இரண்டில் எதையும் கொட்டிவிடாதீர்கள்.

நடுவே வெண்ணிறப் பால்மம் நின்றால் பெரும்பாலும் புனலைக் கழுவிய சோப்பின் மிச்சமே காரணம். அது எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து, அவை ஒன்றுசேராமல் காக்கிறது. குலுக்குவது அதை மேலும் கெடுக்கும். சிறிது உப்பைச் சேர்த்து மெல்லச் சுழற்றி, அசையாமல் வையுங்கள்.

வாலை வடித்தலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன

வடிந்த நீரில் மையின் நிறம் தெரிந்தால் குடுவை நிரம்பியிருக்கிறது, அல்லது கொதிப்பு துள்ளுகிறது. குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், பீங்கான் சில்லுகளைச் சூடாக்குவதற்கு முன்பே போடுங்கள். சூடான நீர்மத்தில் போட்டால் அது பொங்கிச் சீறும். மறந்துவிட்டால் ஆறவிட்டுத்தான் போட வேண்டும்.

வெப்பமானியின் எண் நம்பும்படி இல்லையென்றால் அதன் குமிழைப் பாருங்கள். குமிழ் நீர்மத்துக்குள் இருந்தால் அது கொதிக்கும் கலவையின் வெப்பநிலையைக் காட்டும். நமக்கு வேண்டியது வெளியேறும் ஆவியின் வெப்பநிலை, ஆகவே குமிழ் பக்கக் குழாயின் வாய்க்கு நேராக இருக்க வேண்டும். குளிர்விப்பானில் நீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும். மாற்றி இணைத்தால் உறை நிரம்பாது, ஆவி முழுவதும் குளிராமல் வெளியேறும்.

அசிட்டோனும் நீரும் இந்த எளிய அமைப்பில் ஓரளவு நன்றாகவே பிரியும். ஒன்று 56 டிகிரி, மற்றொன்று 100. எத்தனாலின் கொதிநிலை 78.3, இடைவெளி 22 டிகிரிதான் என்பதால் பின்ன வாலை வடித்தலுக்கான நீண்ட குழாய் வேண்டும். அதுவும் இருந்து, எத்தனை முறை வடித்தாலும் எத்தனால் 95.6 சதவீதத்துக்கு மேல் தூய்மையாகவில்லை என்று ஒருவர் வந்தால் அவர் தவறு எதுவும் செய்யவில்லை. அந்த விகிதத்தில் நீர்மமும் அதன் ஆவியும் ஒரே கலவையாக இருக்கின்றன; கொதிநிலை என்ற வேறுபாடு அங்கே தீர்ந்துபோகிறது. மிச்ச நீரை எடுக்க வேதிப்பண்புக்கு மாற வேண்டும். சுட்ட சுண்ணாம்பு நீரைப் பிடித்துக்கொள்ளும், எத்தனாலை விட்டுவிடும்.

வடிதாளில் மை பிரியவில்லை

வடிதாள் பட்டையில் மைப்பொட்டு வைத்து அதன் கீழ்நுனியை நீரில் நிறுத்தினால், மேலே ஏறும் நீரோடு மையின் நிறங்கள் பிரிய வேண்டும். மைப்பொட்டு கரைந்து கீழே உள்ள நீரில் இறங்கிவிட்டால், பொட்டு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. பொட்டு நகரவே இல்லை என்றால் அது பந்துமுனைப் பேனாவின் மை. நீரில் கரையாதது நீரோடு ஏறாது, எத்தனாலில் முயலுங்கள். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இழுபட்டால் பொட்டு பெரிதாகிவிட்டது: ஊசிமுனை அளவில் வைத்து, உலரவிட்டு, அதே இடத்தில் மறுபடி வையுங்கள். தொடக்கக் கோட்டைப் பென்சிலால் மட்டுமே போட வேண்டும். பேனாவால் போட்டால் கோடும் சேர்ந்து பிரிந்து மேலே ஏறும்.